வீட்டில் இருமுவது யார்?

எங்கள் பேத்திக்கு அப்போது மூன்று வயது. மகளும் மருமகனும் வேலைக்குச் செல்வதால், பகல் முழுவதும் பிள்ளைச்சாவடியில் எங்கள் வீட்டில்தான் இருப்பாள். என் மடியில் அமர்ந்துதான் உண்பாள். மதிய வேளையில் என் அருகில்தான் உறங்குவாள். ஒரு மழைக்காலத்தில் அவளுக்கு மாலை நேரங்களில் லேசான காய்ச்சல் வரத் தொடங்கியது. உணவில் நாட்டம் குறைந்தது. மூன்று மாதங்களாக எடை கூடவே இல்லை.

முதலில் பார்த்த மருத்துவர் சாதாரணச் சளி என்றார். இரண்டாமவர் நெஞ்சில் தொற்று என்று கருதி ஆன்டிபயாடிக் மருந்து கொடுத்தார். காய்ச்சல் சில நாள் விட்டது. பிறகு மீண்டும் வந்தது. மூன்றாவதாக நாங்கள் சென்ற குழந்தை மருத்துவர், குழந்தையைப் பரிசோதித்து முடித்ததும், "வீட்டில் யாருக்காவது நாள்பட்ட இருமல் இருக்கிறதா சார்?" என்று என்னிடம் கேட்டார்.

அந்தக் கேள்வியை அதுவரை யாரும் எங்களிடம் கேட்கவில்லை. எங்களுக்கும் தோன்றவில்லை. இரண்டு மாதங்களுக்கும் மேலாக இருமிக்கொண்டிருந்தவன் நான்தான். கடற்காற்று என்றும், வயது என்றும் காரணம் சொல்லிக் காலம் கடத்தியிருந்தேன். பல ஆண்டுகளாக எனக்குச் சர்க்கரை நோய் உண்டு. சர்க்கரை நோயாளிகளைக் காசநோய் எளிதில் பற்றும் என்பது நான் படித்தறிந்த செய்திதான். அந்த வாரமே என் சளியைப் பரிசோதித்தபோது காசநோய்க் கிருமி இருப்பது உறுதியானது. என்னிடம் கிருமியைக் கண்டுபிடிக்க ஒரு நாள் போதுமானதாக இருந்தது. என் பேத்தியிடம் அதைக் கடைசி வரை கண்டுபிடிக்க முடியவில்லை. ஆயினும், அவளுக்கு இருந்ததும் காசநோய்தான்.

நான் மருத்துவன் அல்லன். பொருளாதாரம் கற்பித்து ஓய்வு பெற்றவன். இதை எழுதுவதற்கு என் குற்ற உணர்வு மட்டுமே காரணம் அன்று. கல்லூரியில் புள்ளியியல் வகுப்புகளில் நான் ஆண்டுதோறும் கற்பித்த ஒரு பாடம், என் வீட்டுக்குள்ளேயே நடந்தது. முடிவெடுப்பதில் இரண்டு வகைப் பிழைகள் உண்டு. இல்லாததை இருப்பதாகக் கொள்வது ஒன்று. இருப்பதை இல்லை என்று விட்டுவிடுவது மற்றொன்று. ஒன்றைக் குறைக்க முயன்றால் மற்றது கூடும். எந்தப் பிழைக்கு எவ்வளவு விலை என்பதை அறிந்தே முடிவெடுக்க வேண்டும். குழந்தைக் காசநோயைக் கண்டறிவதில் உள்ள சிக்கல் முழுவதையும் இந்தப் பாடத்துக்குள் அடக்கிவிடலாம்.

1882-ஆம் ஆண்டு மார்ச் 24-ஆம் நாள் பெர்லினில் ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்ததாக அறிவித்தார். அன்றிலிருந்து, கிருமியைக் கண்ணால் கண்டு உறுதிசெய்வதே இந்நோயைக் கண்டறியும் முறையின் அடித்தளமாக இருந்து வருகிறது. நாள்பட்ட நோயுள்ள பெரியவரின் நுரையீரலில் குழிகள் ஏற்பட்டு, அவற்றில் கிருமிகள் பெருகி, இருமும்போது சளியுடன் வெளியே வரும். நுண்ணோக்கியில் தென்பட, ஒரு மில்லிலிட்டர் சளியில் குறைந்தது 5,000 முதல் 10,000 கிருமிகள் இருக்க வேண்டும். பெரியவர்கள் பலருக்கு இது பொருந்துகிறது.

சிறு குழந்தையின் உடலில் நோய் வேறு விதமாக இயங்குகிறது. கிருமிகளின் எண்ணிக்கை மிகக் குறைவு. நோய் பெரும்பாலும் நுரையீரலை ஒட்டிய நிணநீர்க் கணுக்களில் தங்கிவிடுகிறது. குழந்தைக்குச் சளியைக் காறித் துப்பத் தெரியாது, விழுங்கிவிடும். ஆகவே விழுங்கிய சளியை இரைப்பையிலிருந்து எடுக்க வேண்டியிருக்கிறது. இரவு முழுவதும் வெறும் வயிற்றுடன் குழந்தையை வைத்திருந்து, அதிகாலையில் மூக்கின் வழியாகக் குழாயைச் செலுத்தி, இரைப்பை நீரை உறிஞ்சி எடுப்பார்கள். பெரும்பாலும் இதை அடுத்தடுத்து இரண்டு நாள்கள் செய்ய வேண்டும். என் மகள் அந்த இரண்டு காலைகளிலும் குழந்தையின் கைகளைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் முகக்கவசத்துடன் வெளியே நின்றிருந்தேன். இரண்டு நாள் மாதிரியிலும் கிருமி இல்லை என்றே முடிவு வந்தது.

அந்த முடிவு வியப்புக்குரியதன்று. கிருமியை வளர்த்துப் பார்க்கும் முறை நுண்ணோக்கியைவிட நுட்பமானது. ஆனால் அதற்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். சிபிநாட், நம் நாட்டிலேயே உருவான ட்ரூநாட் போன்ற மூலக்கூறு பரிசோதனைகள் சில மணி நேரத்தில் முடிவைத் தருகின்றன. மருந்துக்குக் கட்டுப்படாத கிருமியா என்பதையும் சொல்லிவிடுகின்றன. இருந்தும், காசநோய் உள்ள சிறு குழந்தைகளில் பாதிப் பேருக்குக்கூட இவற்றால் நோயை உறுதிப்படுத்த இயலுவதில்லை. 'கிருமி இல்லை' என்ற அறிக்கைக்குப் பெரியவர் விஷயத்தில் ஒரு பொருள். மூன்று வயதுக் குழந்தையின் விஷயத்தில் வேறு பொருள். 'இந்த மாதிரியில் கிடைக்கவில்லை' என்று மட்டுமே அதை வாசிக்க வேண்டும்.

பிற வழிகளும் முழு நம்பிக்கைக்குரியவை அல்ல. தோலில் மருந்தைச் செலுத்திப் பார்க்கும் டியூபர்குலின் சோதனை, உடலுக்குள் கிருமி என்றேனும் நுழைந்ததா என்பதைத்தான் காட்டும். நோய் இருக்கிறதா என்பதைக் காட்டாது. பிசிஜி தடுப்பூசி போட்ட குழந்தைக்கு நோய்த்தொற்று இல்லாமலேயே தோல் தடிக்கக்கூடும். ஊட்டச்சத்துக் குறைந்த குழந்தைக்கு நோய் இருந்தும் தடிக்காமல் போகக்கூடும். பிசிஜியால் குழப்பமடையாத புதிய தோல் சோதனை 2022-இல் இந்தியாவில் ஒப்புதல் பெற்றது. அதுவும் தொற்றை மட்டுமே காட்டும். எக்ஸ்-ரே படத்தில் வீங்கிய கணுக்களைக் காணப் பயிற்சி பெற்ற கண் வேண்டும். நோயின் அறிகுறிகளோ காய்ச்சல், இருமல், எடைக்குறைவு, சோர்வு ஆகியவைதாம். நிமோனியாவுக்கும் ஆஸ்துமாவுக்கும் வெறும் பசிக்கும்கூட இவை பொதுவானவை.

இந்த இடத்தில் தமிழ்க் குடும்பங்கள் நன்கறிந்த ஒரு சொல்லைக் குறிப்பிட்டாக வேண்டும். குழந்தை சரியாகச் சாப்பிடவில்லை, எடை ஏறவில்லை, அடிக்கடி சளி பிடிக்கிறது என்றால், 'பிரைமரி காம்ப்ளக்ஸாக இருக்கும்' என்று அண்டை வீட்டார்கூடச் சொல்லிவிடுவார்கள். மருத்துவத்தில் இச்சொல், காசநோய்க் கிருமி முதன்முதலாக நுரையீரலில் நுழைந்த இடத்தையும் அதையொட்டிய கணு வீக்கத்தையும் குறிப்பது. நம் வழக்கிலோ அது காசநோய் என்ற பெயரை மறைக்கும் போர்வையாகிவிட்டது. 'காசநோய் இல்லை, பிரைமரி காம்ப்ளக்ஸ்தான்' என்று ஆறுதல் கூறிக்கொண்ட பெற்றோரை நான் அறிவேன்.

இப்போர்வைக்குள் இரண்டு பிழைகளும் ஒன்றாக வாழ்கின்றன. நல்ல உணவும் சற்றுப் பொறுமையும் மட்டுமே தேவைப்படும் குழந்தை, போதிய ஆதாரமின்றி ஆறு மாதம் மருந்து சாப்பிடுகிறது. அதே தெருவில், மெய்யாகவே நோயுற்ற குழந்தை இருமல் மருந்துடன் வீடு திரும்புகிறது. காசநோய் என்று பெயர் சொல்லாததால், வீட்டில் யாரிடமிருந்து அது வந்தது என்ற கேள்வியும் எழுவதில்லை. காசநோயாளிகளைப் பற்றி அரசுக்குத் தெரிவிப்பது தனியார் மருத்துவர்களுக்கும் 2012 முதல் கட்டாயம். போர்வைப் பெயரில் சிகிச்சை பெறும் குழந்தை அந்தக் கணக்கிலும் வராமல் போகக்கூடும்.

கணக்கு என்றதும் ஒரு பொருளாதாரக்காரனின் ஐயம் எழுகிறது. உலகக் காசநோயாளிகளில் நான்கில் ஒருவருக்கும் மேல் இந்தியாவில் இருக்கிறார்கள். 2023-இல் உலகில் புதிதாக நோயுற்ற 1.08 கோடிப் பேரில் 12 சதவீதத்தினர் 15 வயதுக்குட்பட்டோர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. நம் நாட்டில் பதிவாகும் நோயாளிகளில் குழந்தைகளின் பங்கு ஏறத்தாழ 6 சதவீதம். நம் குழந்தைகள் மட்டும் உலகச் சராசரியில் பாதி அளவே நோயுறுகிறார்கள் என்று நம்புவதற்கு இடமில்லை. பலர் கண்டறியப்படாமலும் பதிவாகாமலும் விடுபடுகிறார்கள் என்பதே பொருத்தமான விளக்கம்.

ஏன் விடுபட்டார்கள்? கிருமி தெரியவில்லை என்பது மட்டுமே காரணமன்று. நம் தேசியக் காசநோய்த் திட்டம் 1962-இல் தொடங்கியது. 1997-இல் திருத்தி அமைக்கப்பட்டது. வரம்புக்குட்பட்ட நிதியில், நோயைப் பரப்புவோரை முதலில் கண்டுபிடித்துக் குணப்படுத்துவது என்பது நெடுங்காலம் அதன் தர்க்கமாக இருந்தது. சளியில் கிருமி உள்ளவரே நோயைப் பரப்புவர். ஆகவே அவர்களை எத்தனை பேர் கண்டறிந்தோம் என்பதே திட்டத்தின் வெற்றிக்கு அளவுகோலானது. சிறு குழந்தை நோயை அரிதாகவே பரப்பும். அந்த அளவுகோலில் குழந்தைக்கு மதிப்பெண் இல்லை. அளவுகோலில் இல்லாதது, காலப்போக்கில் கவனத்திலிருந்தும் நழுவிவிடுகிறது. நிதி ஒதுக்கீட்டில் இதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

விட்டுவிடும் பிழையின் விலை என்ன? 2015-ஆம் ஆண்டுக்காகச் செய்யப்பட்ட ஓர் ஆய்வின்படி, அவ்வாண்டு உலகில் 2.39 லட்சம் குழந்தைகள் காசநோயால் இறந்தனர். அவர்களில் 80 சதவீதத்தினர் ஐந்து வயது நிரம்பாதவர்கள். இறந்தவர்களில் 96 சதவீதத்தினர் சிகிச்சையே பெறாதவர்கள். மருந்து பலிக்காமல் இறந்தவர்கள் மிகச் சிலரே. மற்றவர்கள் மருந்து கைக்கு வராமல் இறந்தார்கள். தொற்றுக்கு ஆளாகும், ஒரு வயது நிரம்பாத குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு, தடுப்பு மருந்து இல்லையெனில், நோய் உண்டாகிறது. அது மூளையுறையைத் தாக்கினால், பிழைத்தவர்களிலும் பாதிப் பேர் நரம்புக் குறைபாட்டுடன் வாழ வேண்டியிருக்கிறது.

மறுபக்கத்தில், தேவையின்றி மருந்து கொடுக்கும் பிழைக்கும் விலை உண்டு. மாதக்கணக்கில் மாத்திரை, கல்லீரலுக்கு ஏற்படக்கூடிய தீங்கு, உண்மையான நோய் வேறாக இருந்தால் அது மறைந்துபோகும் ஆபத்து ஆகியவற்றைப் புறக்கணிக்க முடியாது. ஆனால் இந்த மருந்துகளைக் குழந்தைகள் பொதுவாக நன்றாகவே தாங்குகிறார்கள் என்பது மருத்துவ அனுபவம். கடுமையற்ற நோய்க்கு ஆறு மாதத்துக்குப் பதில் நான்கு மாத மருந்தே போதும் என்று 1,204 குழந்தைகளிடம் நடந்த 'ஷைன்' ஆய்வு காட்டியது. ஆப்பிரிக்க நாடுகளுடன் சென்னையும் புணேயும் அதில் பங்கேற்றன. 2022-இல் உலக சுகாதார நிறுவனம் இதை ஏற்றுப் பரிந்துரைத்தது. இரண்டு பிழைகளின் விலையையும் தராசில் வைத்தால், தட்டு எந்தப் பக்கம் தாழும் என்பதில் ஐயமில்லை.

என் மருமகன் மருத்துவரிடம், "கிருமியே இல்லை என்று அறிக்கை வந்த பிறகு எதற்கு மருந்து?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. மருத்துவர் பொறுமையாக விளக்கினார். தாத்தாவுக்குக் கிருமியுள்ள காசநோய், குழந்தை நாள்தோறும் அவருடன் இருந்திருக்கிறது, எடை நின்றுவிட்டது, ஆன்டிபயாடிக் பலிக்கவில்லை, எக்ஸ்-ரேயில் கணு வீங்கியிருக்கிறது. இவற்றில் எதுவும் தனித்து நின்றால் சான்றாகாது. ஐந்தும் சேர்ந்தால் காத்திருக்கக் காரணமில்லை என்றார். உலக சுகாதார நிறுவனத்தின் 2022 வழிகாட்டுதலும் இதைத்தான் முறைப்படுத்துகிறது. அறிகுறிக்கும் எக்ஸ்-ரே மாற்றத்துக்கும் மதிப்பெண் இட்டு, குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் கிருமிக்குக் காத்திராமல் சிகிச்சையைத் தொடங்கச் சொல்கிறது. காசநோயாளியுடன் நெருங்கிப் பழகியிருப்பதற்கு அதில் தனி இடமுண்டு. இது ஊகத்தின் பேரில் மருந்து கொடுப்பதன்று. 'பிரைமரி காம்ப்ளக்ஸ்' வழக்கத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடே இதுதான். இங்கே காரணங்கள் எழுத்தில் இருக்கின்றன. பின்னர் சரிபார்க்கவும் முடியும்.

அந்த ஐந்து காரணங்களில் முதலிரண்டும் குழந்தையின் உடலில் இல்லை, வீட்டில் இருந்தன. இதில் உலகுக்கே வழிகாட்டிய ஊர் நம் அருகில் இருக்கிறது. 1956-இல் சென்னை சேத்துப்பட்டில், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அன்றைய சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை இணைந்து ஒரு மையத்தை அமைத்தன. இன்று அது தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். நோயாளியைத் தாம்பரம் போன்ற சானடோரியங்களில் சேர்த்தே ஆக வேண்டும் என்று உலகம் நம்பிய காலம் அது. சென்னையின் ஏழை நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு வீட்டிலேயே மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். வீட்டுச் சிகிச்சை ஏறத்தாழ அதே அளவு பலன் தந்தது என்று 1959-இல் வெளியான முடிவு, உலகெங்கும் சானடோரியங்களின் தேவையைக் குறைத்தது.

அந்த ஆய்வின் மற்றொரு பகுதி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. நோயாளிகளின் குடும்பத்தினரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். வீட்டில் சிகிச்சை பெற்றவரின் குடும்பத்துக்குக் கூடுதல் ஆபத்து ஏற்படவில்லை. நோயாளி மருந்து தொடங்குவதற்கு முந்தைய நாள்களிலேயே தொற்று பெரும்பாலும் நிகழ்ந்துவிடுகிறது என்பதே இதன் உட்பொருள். அப்படியானால், பெரியவர் இருமிக்கொண்டு தள்ளிப்போடும் ஒவ்வொரு வாரமும் அந்த வீட்டுக் குழந்தையின் கணக்கில் ஏறுகிறது. அவர் நோயாளி எனத் தெரியும் நாள், வீட்டிலுள்ள குழந்தைகளைப் பரிசோதிக்க வேண்டிய நாளாகவும் இருக்க வேண்டும்.

தடுப்பூசிதான் போட்டாயிற்றே என்ற நிம்மதியும் போதாது. 1968-இல் செங்கல்பட்டு மாவட்டத்தில் தொடங்கி, ஏறத்தாழ 2.6 லட்சம் பேரை உள்ளடக்கிய பெரும் ஆய்வு, பெரியவர்களின் நுரையீரல் காசநோயைப் பிசிஜி தடுக்கவில்லை என்று காட்டியது. குழந்தைகளை மூளையுறைக் காசநோய் போன்ற கொடிய வகைகளிலிருந்து அது பெருமளவு காக்கிறது; ஆகவே அவசியம் போட வேண்டும். ஆனால், வீட்டில் இருமுபவரைக் கண்டறியும் வேலையை அதனால் செய்ய முடியாது.

செய்ய வேண்டியவை எட்டாத உயரத்தில் இல்லை. முதலாவதாக, குடும்பத்தினர் பரிசோதனை. நோயாளியுடன் வாழ்வோரில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு முன்பே இருந்த தடுப்பு மருந்து ஏற்பாட்டை, 2021 வழிகாட்டுதல் வீட்டிலுள்ள அனைவருக்கும் விரிவுபடுத்தியது. நோய் இல்லாத குழந்தைக்குத் தடுப்பு மருந்து, நோய் உள்ள குழந்தைக்குச் சிகிச்சை என்ற இரண்டுமே வீட்டுக்குச் சென்று பார்த்தால்தான் நடக்கும். நிக்ஷய் இணையப் பதிவில், ஒவ்வொரு பெரியவரின் பெயருக்குக் கீழும் அவர் வீட்டுக் குழந்தைகளின் பரிசோதனை முடிவு வந்து சேர்ந்ததா என்பதையே மாவட்டத்தின் செயல்பாட்டை அளக்கும் அளவுகோல்களில் ஒன்றாக்க வேண்டும்.

புதுச்சேரிக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. பிள்ளைச்சாவடியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் நகருக்குச் செல்பவர், வழியில் தமிழ்நாட்டின் கோட்டக்குப்பத்தைக் கடந்தே புதுச்சேரியை அடைகிறார். நோயாளி ஓர் அரசின் எல்லையிலும், அவர் பேரக்குழந்தை மறு அரசின் எல்லையிலும் வாழ்வது இங்கே இயல்பு. கிருமிக்கு எல்லை தெரியாது, பதிவேடுகளுக்குத் தெரிகிறது. ஜிப்மர் நிறுவனம் புதுச்சேரியோடு கடலூர், விழுப்புரம் மாவட்ட நோயாளிகளையும் அவர்தம் குடும்பத்தினரையும் சேர்த்தே நீண்டகால ஆய்வு நடத்தி வந்துள்ளது. ஆராய்ச்சியில் சாத்தியமானது நிர்வாகத்திலும் சாத்தியமாக வேண்டும்.

இரண்டாவதாக, எடை. அங்கன்வாடியில் மாதந்தோறும் எடுக்கப்படும் எடையைவிட மலிவான பரிசோதனை வேறில்லை. எடை ஏறாத குழந்தைக்குச் சத்துமாவு கொடுத்து அனுப்பும்போதே, வீட்டில் யாருக்கேனும் இருமல் உண்டா என்று கேட்டுக் குறித்துக்கொள்ளலாம். 2022-இல் தமிழ்நாடு தொடங்கிய 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்', எடை, மூச்சுவேகம், ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு போன்ற எளிய அளவீடுகளைக் கொண்டே ஆபத்தான நிலையிலுள்ள பெரியவர்களைப் பிரித்தறிகிறது. குழந்தைகளுக்கும் அத்தகைய ஏற்பாடு வேண்டும்.

மூன்றாவதாக, மூக்குக் குழாய்க்கு மாற்று. குழந்தையின் மலத்திலேயே மூலக்கூறு பரிசோதனை செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்துள்ளது. விழுங்கிய சளி அங்குதானே போய்ச் சேர்கிறது! தாயே வீட்டிலிருந்து கொண்டுவரக்கூடிய மாதிரி இது. எல்லாக் குழந்தைகளின் நோயையும் இது காட்டிவிடாது. ஆனால், மருத்துவமனையில் சேர்க்க வழியின்றிப் பரிசோதனையே நடக்காமல் போகும் நிலையை மாற்றும்.

நான்காவதாக, உணவு. ஜார்க்கண்டில் நடந்து 2023-இல் வெளியான 'ரேஷன்ஸ்' ஆய்வில், நோயாளி வீட்டாருக்குக் கூடுதல் உணவுப் பொருள்கள் கொடுத்தபோது, அவர்களிடையே புதிதாகக் காசநோய் உண்டாவது 39 சதவீதம் குறைந்தது. அரசு 2018 முதல் நோயாளிக்கு மாதம் 500 ரூபாய் வழங்கி, 2024 நவம்பரில் அதை 1,000 ரூபாயாக உயர்த்தியுள்ளது. வரவேற்கத்தக்கது. அந்தப் பணத்தில் வாங்கும் முட்டை நோயாளியின் தட்டுக்கு மட்டுமா, வீட்டுக் குழந்தையின் தட்டுக்குமா என்பதையும் சேர்த்தே சிந்திக்க வேண்டும்.

நாங்கள் இருவரும் ஒன்றாகவே மருந்து சாப்பிட்டோம். என் மாத்திரையை நான் விழுங்குவேன். அவளுடையது தண்ணீரில் கரைவது. சில வாரங்களில் அவள் பசிக்கிறது என்று கேட்கத் தொடங்கினாள். இப்போது பள்ளிக்குச் செல்கிறாள். வெளியில் யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று உறவினர் சிலர் அன்று அறிவுரை கூறினார்கள். நானும் சில மாதங்கள் சொல்லாமல்தான் இருந்தேன். சொல்லியிருந்தால், எங்கள் தெருவில் இருமிக்கொண்டிருக்கும் வேறொரு தாத்தா சற்று முன்னதாகப் பரிசோதனைக்குச் சென்றிருக்கக்கூடும்.

இரண்டு வாரங்களுக்கு மேல் இருமல் நீடித்தால் சளியைப் பரிசோதிக்க வேண்டும் என்பது அரசு சுவர்களில் நாம் வாசித்துக் கடந்துபோகும் வாசகம். வீட்டில் குழந்தை இருந்தால், அதை ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது.

கட்டுரையாளர்: பொருளாதாரப் பேராசிரியர் (ஓய்வு).